சுவர்ப் பன்னமும் பாஷாணமும்

கண்டியிலும் பேராதனையிலும் பழஞ்சுவர் வெடிப்புகளில் தழைக்கும் தெரிஸ் விட்டாட்டா என்னும் பன்னத்தை அற்பச் செடியென்று கடந்து போகிறோம். பாஷாணத்தின் மூலமாகிய ஆசனிக்கை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் இலைகளிற் குவிக்கும் வல்லமை அதற்குண்டென்பதை 2001 ஆம் ஆண்டில் புளோரிடா ஆய்வாளர் வெளியிட்டனர்.

அந்நஞ்சு உயிர்க்கலத்தை எவ்வாறு கெடுக்கிறது? ஆசனேற்று என்னும் வடிவம் பொசுபேற்றைப் போல வேடமிட்டு உள்ளே நுழையும். கலத்தின் சக்தி நாணயமாகிய ஏ.ரீ.பீ. உருவாகுமிடத்தில் பொசுபேற்றுக்குப் பதிலாகத் தான் சேரும். சேர்ந்த பொருளோ கணத்தில் உடைந்துபோம். செல்லாக் காசு என்க. ஆசனைற்று அதனினுங் கொடிது. நொதியங்களிலுள்ள கந்தகக் கூட்டங்களை இறுகப் பற்றி, உணவிலிருந்து சக்தி பெறும் வழியையே அடைத்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒக்ஸ்போர்டில் பீற்றர்ஸ் குழுவினர் ஆக்கிய மாற்றுமருந்தும் இவ்வியல்பையே பயன்படுத்தியது: அதிலுள்ள இரு கந்தகக் கூட்டங்களைக் கண்டதும் நஞ்சு நொதியத்தை விட்டு அதனைப் பற்றிக்கொள்ளும்.

நம் பன்னமோ மருந்தின்றியே தப்புகிறது. பொசுபேற்று வாயிலால் வரும் நஞ்சைக் கலத்தின் புன்வெற்றிடத்துட் சிறைவைக்கிறது. நஞ்சுண்ட கண்டனின் கதைதான்! ஆயினும் இதனைக் கீரையென்று கறிசமைக்க நாம் ஒருபோதும் சொல்லோம்.