மவுஸ் பிடித்த கைக்கு 280 தண்டனை

டிசைனர் 40 ஐகான்களை எஸ்விஜி கோப்புகளாக அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார். ஆப் செய்கிறவருக்குத்தான் சனி பிடிக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு ஒரே ஐகான் 48, 72, 96, 144, 192 பிக்சல் என 5 அளவுகளில் பிஎன்ஜியாக வேண்டும். ஐபோனுக்கு 2 மடங்கு, 3 மடங்கு என இன்னும் 2 (அளவு ஒத்துப்போனாலும் பெயர் வேறு). ஆக மொத்தம் 280 கோப்புகள். ஒவ்வொன்றையும் மவுஸால் திறந்து, அளவு அடித்து, பெயர் வைத்துச் சேமிக்க அரை நிமிடம் என்றாலும் 2 மணி 20 நிமிடம். எல்லாம் முடிந்ததும் டிசைனரிடமிருந்து போன் வரும்: "அந்த நீலம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, மாத்திட்டேன்!"

மறுபடியும் முதலிலிருந்து ஆணி பிடுங்கணும். இதற்குப் பெயர் கடின உழைப்பாம்!

காமர்ஸ் படித்தவர்களாவது இதைக் கேள்வி கேட்க வேண்டாமா? கமாண்ட் லைன் பழக ஒரு சாயங்காலம் போகும். அது நிலையான செலவு. கோப்பு 280 ஆனாலும் 2,800 ஆனாலும் அந்தச் செலவு ஏறாது. மவுஸ் வழியில் ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் செலவு, நீலம் மாறும்போதெல்லாம் திரும்பச் செலவு. ஆர்எஸ்விஜி-கன்வெர்ட் என்ற சின்ன நிரலிடம் அகலத்தையும் சேமிக்க வேண்டிய பெயரையும் சொன்னால் போதும். ஃபோல்டரில் உள்ள கோப்புகளுக்கு ஒரு சுற்று, அதற்குள் அளவுகளுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் ஸ்கிரிப்ட். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதைவிடக் கொடுமை, "இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்னும் தளங்களில் கோப்பை ஏற்றுவது. இன்னும் வெளியே வராத ஒரு கடையின் லோகோ, யாருடையது என்றே தெரியாத சர்வரில் போய் உட்காருகிறது. கடைக்காரரிடம் கேட்டார்களா? ஆர்எஸ்விஜி-கன்வெர்ட்டும் இலவசம்தான், இங்க்ஸ்கேப்பும் இலவசம்தான். இரண்டும் நெட் இல்லாமலே ஓடும்.

"2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0-லேயே வெக்டார் டிராயபிள் வந்துவிட்டது, எக்ஸ்கோட் 12-ம் 2020-லிருந்து எஸ்விஜியை நேரடியாக ஏற்கிறது, பிஎன்ஜி எதற்கு?" என்று சிலர் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. சாதாரண ஐகானுக்கு அதுவே நல்ல வழி. ஆனால் வெக்டார் டிராயபிளில் எழுத்தும் ஃபில்டரும் செல்லாது. நிழலும் மங்கலும் போட்ட படத்துக்குக் கடைசியில் பிஎன்ஜிதான் கதி.

கறுப்புத் திரையைப் பார்த்தாலே பயம் என்பவர்கள் இங்க்ஸ்கேப்பின் கதையையும் சொல்வார்கள். 2020-ல் 1.0 வந்தபோது பழைய கட்டளைகள் சில மாறிவிட்டன, பழைய டுடோரியலைப் பார்த்து அடித்தால் திட்டும். உண்மைதான். உதவிப் பக்கத்தை ஒரு தடவை படித்தால் தீர்கிற பிரச்சினை அது. இமேஜ்மேஜிக்கில் படம் மங்குகிறது என்று புலம்புகிறவர்கள் அடர்த்தியைக் கோப்புப் பெயருக்கு முன்னால் கொடுத்துப் பார்க்கட்டும். பின்னால் கொடுத்தால் அது சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகுதான் இழுத்துப் பெரிதாக்கும், மங்காமல் என்ன செய்யும்?

லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் ஒரு வேலை பாக்கி. மாற்றுகிற கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டால் வேறு ஃபாண்டோ, வெறும் கட்டங்களோதான் வரும். எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டு அனுப்பச் சொல்லி டிசைனரை முதலிலேயே எழுப்பிவிடுவது நல்லது.