ஆரணி ரோடும் அரிசி மூட்டையும்

ஆரணிக்கு ரயிலில் வருகிறேன் என்று யாராவது சொன்னால் நாங்கள் சிரிப்போம். 'ஆரணி ரோடு' ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். அங்கேயிருந்து டவுனுக்கு இன்னும் சுமார் பத்து கிலோமீட்டர் போகணும். பட்டு நெய்கிறவர்களுக்கு அது தூரம். களம்பூர் சுற்றுவட்டத்து நெல்லுக்காரர்களான எங்களுக்கு வாசற்படி.

2025 மே 22-ல் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த 103 நிலையங்களைப் பிரதமர் திறந்து வைத்தார். அதில் திருவண்ணாமலையும் போளூரும் உண்டு. போளூர் பக்கத்து ஊராச்சே! பார்த்துட்டு வந்தவங்க எல்லாம் 'நம்ம ஸ்டேஷனுக்கு எப்போ?' என்கிறார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் முகப்பு வளைவும் கலர் விளக்கும் எனக்கு வேண்டாம்.

2024 மே மாதம் சென்னை பீச் - வேலூர் கன்டோன்மென்ட் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். விடிகாலை நாலு மணி வாக்கில் அங்கே கிளம்பினால் பத்து மணிக்குள் பீச். நீட்டியபோது டிக்கெட் ஐம்பது ரூபாய். நமக்கு அதிலும் குறைவு. இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை தனிக் கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். 25 கிலோ தூயமல்லி அரிசி, மேலே ஒரு பை நாட்டுக் கத்தரி, நாலு கட்டு முருங்கைக்கீரை. வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துட்டு வந்துடலாம். நடுவில் தரகர் கிடையாது. நேரடி விற்பனைன்னு இத்தனை வருஷமா கூட்டம் போட்டுப் பேசுறோமே, அது இதுதானே?

அதுக்கு ஏத்த ஸ்டேஷன்தான் வேணும். அந்த நேரத்துக்குக் கிராமத்திலிருந்து ஒரு பஸ். மூட்டையோடு பெண்கள் சிரமமில்லாமல் ஏற, பெட்டிக்குச் சமமான உயரத்தில் நடைமேடை. நல்ல வெளிச்சம், பூட்டு போடாத கழிப்பறை. கூரைத் தண்ணீர் விழ ஒரு குழி, நிழலுக்குப் புங்கன், வேம்பு. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' கடைத் திட்டம் 2022-லிருந்தே இருக்கு. ஆரணி என்றதும் பட்டு என்று எழுதிவிடுவார்கள். எழுதட்டும், பட்டுக்காரரும் நம்மாளுதான். பக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் ஒரு மேசை போடச் சொல்லி உழவர் குழுக்கள் இப்பவே கேட்கணும்.

டவுன் வழியாகத் திண்டிவனம் - நகரி பாதை வந்தால் எல்லாம் தீரும் என்பார்கள். 2006-07-ல் அனுமதி கிடைத்த பாதை அது. வரட்டும். ஆனால் புதுப் பாதை வயலைக் கேட்கும். இருக்கிற ஸ்டேஷனைச் சீர்செய்ய நம்மிடம் ஒரு சென்ட் நிலம்கூடக் கேட்க வேண்டியதில்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். முதல் கோரிக்கையாகப் பஸ்ஸைப் போட்டிருந்தேன். படித்த என் மனைவி, "மொதல்ல கழிப்பறையைப் போடுங்க" என்றாள். மாத்திட்டேன்.