பழைய தலப்படங்களைக் கழிக்கலாகாது

புதிய தலப்படம் கைக்கு வந்ததும் பழையதைக் கழிவுத் தாளோடு சேர்த்துவிடுதல் எளிது. அது சிக்கனமும் அன்று; அறிவுடைமையும் அன்று. ஆலைகள் எழுந்த நாட்டுப்புறங்களில் அது பேரிழப்பாகும்.

கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்தில், கட்டபிரபா ஆறு கோகாக்கில் ஏறத்தாழ 52 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாய் வீழ்கிறது. அந்நீர்விசையை நம்பி 1880-களில் அங்கே ஒரு நூற்பாலை நிறுவப்பட்டது. ஆலையைத் தொடர்ந்து குடியிருப்பும் சாலையும் வந்தன. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆற்றின் மேற்புறத்தில் இட்கல் அணை எழுந்தது. இந்திய நில அளவைத் துறையின் 47 எல்/16 என்னும் தாளுக்குள் அருவி அமைகிறது. அத்தாளின் வெவ்வேறு காலப் பதிப்புகளை வரிசையாக வைத்தால், ஊரின் வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம்.

விண்கோள் படங்கள் இருக்கையில் பழந்தாள் எதற்கு என்பர் சிலர். லாண்ட்சாட் வரிசையின் முதல் விண்கோள் ஏவப்பட்டது 1972-இல்தான். அதற்கு முந்திய நிலத்தை அது எங்ஙனம் காட்டும்? மேலும், ஓடையின் பெயரையும் ஏரியின் பெயரையும் விண்கோள் படம் உரைப்பதில்லை. மேடுறுத்தப்பட்ட ஏரி எங்கிருந்தது, வெள்ளநீர் முன்பு எவ்வழியே ஓடியது என்னும் வினாக்கள் எழும்போது, பழைய தலப்படமே முதற்சான்றாகும். அச்சான்று அழிந்தால் ஊரார் உரிமையும் வலுவிழக்கும்.

எனினும் எச்சரிக்கை தேவை. அச்சிட்ட ஆண்டும் அளவிட்ட ஆண்டும் ஒன்றல்ல. படம் காட்டுவது அளவிட்ட ஆண்டின் நிலையையே. பழைய தாளின் அளவை மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360, பின்வந்தது 1:50,000. பழையதில் உயரங்கள் அடியிலும் புதியதில் மீட்டரிலும் குறிக்கப்பெறும். ஆதலின் ஒன்றன்மேல் ஒன்றை அப்படியே பொருத்திப் பார்த்தல் பிழையாகும். கோயில், பாலம், சாலைச் சந்திப்பு போன்ற மாறாத இடங்களைக் கொண்டு முதலில் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

களப்பணியாளர் பழந்தாளின் ஓரத்தில் உள்ள அளவை ஆண்டைப் பதிவேட்டில் குறித்து, தாளை மடிக்காமல் தட்டையாக வைத்துக் காக்க வேண்டும். கட்டுப்பாடு குறிக்கப்பெற்ற தாள்களை விதிப்படியே கையாள வேண்டும். பொதுப் பயனுக்குரியவற்றின் படியொன்றை அவ்வட்டாரப் பள்ளிக்கு அளித்தல் நன்று. ஆசிரியர் அதனுடன் மாணவரை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, படத்திலுள்ளது நிலத்திலும் உள்ளதா என்று பார்க்கச் செய்யலாம். தம் ஊர் இழந்ததையும் பெற்றதையும் தாமே கண்டறியும் மாணவர், நாளை அதனைக் காக்கவும் முன்வருவர்.