மறுபடி வராத சொல்

தினம் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்துவர வேண்டும் என்பது நம் பள்ளிகள் பலவற்றில் எழுதாத சட்டம். நோட்டின் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் தமிழில் பொருள், சொல்லின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. மறுநாள் ஒப்பித்தால் ஒரு டிக், தவறினால் இம்போசிஷன். அதோடு அந்தப் பக்கம் முடிந்தது. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் அதே சொல்லைக் கேட்டுப் பிள்ளை விழித்தால், ‘ஞாபகசக்தி போதாது’ என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிறோம். இது அநியாயம்.

மறதியை 1885-லேயே அளந்துவிட்டார்கள். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. இன்னொன்றையும் அவர் கண்டார்: பன்னிரண்டு அசைகளை ஒரே மூச்சில் 68 தடவை படித்ததால் கிடைத்த பலன், மூன்று நாள்களுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. ஒரே இரவில் ஐம்பது முறை எழுதவைக்கும் இம்போசிஷன் எவ்வளவு வீண் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இப்படிப் பிரித்துப் படிப்பதற்கு, 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன பெட்டி முறை எளிய வழி. ஒரு பெட்டியைச் சில அறைகளாகத் தடுத்து, பழைய கல்யாணப் பத்திரிகையை அட்டைகளாக வெட்டி, ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் எழுதிக்கொண்டால் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், சில நாள் கழித்தே திரும்ப வரும். தவறிய அட்டை முதல் அறைக்கே வரும். பொருளைப் பார்த்துப் பார்த்துப் படிக்காமல், மறைத்துவைத்து யோசித்துச் சொல்வதில்தான் பலன்.

எந்தச் சொற்களைக் கற்பிக்கிறோம் என்பதும் முக்கியம். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்திய மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதை நேரில் கண்டவர். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் அதிகம் புழங்கும் சுமார் 2,000 சொற்களே இருந்தன. நாமோ பாடத்தில் ஒரே ஒரு முறை தலைகாட்டும் அரிய சொல்லுக்கு ஒத்த சொல், எதிர்ச்சொல் கேட்டு மதிப்பெண் போடுகிறோம்.

ஆங்கில நாளிதழும் ஆங்கிலப் பேச்சும் உள்ள வீட்டில், படித்த சொல் தானாகவே திரும்பத் திரும்ப வரும். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அது வகுப்பறையில் மட்டுமே வரும். அங்கும் வராவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? போர்ஷனை முடிக்க ஓடும் ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஜூனில் கற்பித்த சொல் ஆகஸ்ட் பாடத்திலும் நவம்பர் பாடத்திலும் வரும்படி பாடநூலை எழுத வேண்டும். வாரம் ஒரு பீரியடைப் பழைய சொற்களுக்கென்றே கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும். அதைச் சிறப்பு வகுப்புக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.