வட்டிக்கு வரம்பு கட்டுவது யார்?

2010 ஆகஸ்டில், ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்.கே.எஸ். நுண்நிதி நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. விற்பனைக்கு வைத்ததைப் போல் பதின்மூன்று மடங்குப் பங்குகளுக்கு முதலீட்டாளர்கள் விண்ணப்பித்தனர். இரண்டே மாதங்களில், தவணை கட்ட வழியற்றோரின் தற்கொலைகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. இவை தற்செயலாக அடுத்தடுத்து நிகழ்ந்தவை அல்ல.

1969 வங்கி நாட்டுடைமைக்குப் பின், கிராமப்புற ஏழைக்குக் கடன் வழங்குவது அரசின் கடமை என்றிருந்தது. அக்கடமையைச் சந்தையாக்கும் கோட்பாட்டை உலகெங்கும் பரப்பியது, 1995இல் உலக வங்கியின் கூரையின்கீழ் அமைந்த ஆலோசனைக் குழு. வட்டிக்கு உச்சவரம்பு விதிப்பது ஏழைகளுக்கே கேடு என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. 2004இல் ஜி-8 நாடுகள் அவற்றை ஏற்றன. அவர்தம் ஆவணங்களில் 'நீடித்த தன்மை' என்ற சொல் ஓயாமல் வரும். கடன் வாங்கியவளின் வாழ்வு நீடிப்பதைக் குறிக்கும் சொல்லன்று அது. நிறுவனத்தின் செலவு முழுவதையும் அவள் வட்டியே ஈடுசெய்ய வேண்டும் என்பதே பொருள்.

மெக்சிகோவின் கம்பார்ட்டமோஸ், நன்கொடையில் வளர்ந்து வங்கியாகி 2007இல் பங்குச்சந்தையில் நுழைந்தது. அது ஏழைப் பெண்களிடம் வசூலித்த வட்டி ஆண்டுக்கு 80 விழுக்காட்டிற்கும் மேல். உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகமும் அதில் பங்குதாரர்!

ஆந்திராவின் அவலத்திற்குப் பின், மாலேகாம் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2011இல் ரிசர்வ் வங்கி 26 விழுக்காடு வரம்பு விதித்தது. பின்னர் அதுவும் தளர்ந்தது. 2022 மார்ச்சில் வட்டி வரம்பே முற்றிலும் நீக்கப்பட்டது. வட்டியை நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களே தீர்மானிக்கலாம். அது கந்துவட்டியாக இருக்கக் கூடாதாம். எத்தனை விழுக்காடு கந்துவட்டி என்பதை மட்டும் சொல்லவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள நிதி நிறுவனங்களுக்கு மாநிலக் கடன் சட்டங்கள் பொருந்தா என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரம்பு விதிக்கும் அதிகாரம் உள்ளவர் கைவிட்டார். விதிக்க முன்வரும் மாநிலத்திற்கு அதிகாரம் இல்லை. 2025இல் கர்நாடகமும் தமிழகமும் இயற்றிய சட்டங்கள் வசூல் கொடுமைக்குத் தண்டனை விதிக்கின்றன; வட்டி விகிதத்தை அவற்றால் தொட முடியவில்லை.

நுண்நிதி நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் பணம் இன்று முன்னுரிமைக் கடன் கணக்கில் சேர்கிறது. மக்களின் சேமிப்பு குறைந்த வட்டிக்குச் சென்று, அதே மக்களிடம் கூடுதல் வட்டிக்குத் திரும்பிவருகிறது. இச்சலுகை ரத்தாக வேண்டும். பொதுத்துறை வங்கிகள் சுயஉதவிக் குழுக்களுக்கு நேரடியாகக் கடன் தர வேண்டும். ரிசர்வ் வங்கி வட்டி வரம்பை மீண்டும் விதிக்க வேண்டும். இக்கோரிக்கைகளை முன்வைத்துப் பெண்களைத் திரட்டும் பணியைக் கிளைகள் உடனே தொடங்க வேண்டும்.