ஓடாத வண்டிக்கும் வட்டி ஓடும்

சென்ற வாரம் கானாடுகாத்தானுக்குப் போயிருந்தோம். கலியாணத்துக்கென்று போனோம், ஒரு மோட்டார் வண்டி வழக்குக்கு மத்தியஸ்தம் செய்துவிட்டுத் திரும்பினோம். இந்த வழக்கு இன்றோ நாளையோ நம் வாசகர்களின் வீடுகளிலும் எழக்கூடியது. ஆகையால் அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறோம்.

வழக்காடியவர்கள் மூவர். முதலாமவர் நமது பழைய சிநேகிதரான செட்டியார், வயது 72. வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர். இரண்டாமவர் அவருடைய மனைவியாராகிய ஆச்சி, வயது 61. மூன்றாமவர் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் அவர்களுடைய குமாரர். அவர் டெலிபோன் மூலமாக ஆஜரானார்.

வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, பட்டாலை என்று அடுக்கடுக்காகப் போகும் அந்த வீட்டில் இப்போது வசிப்பவர்கள் இரண்டே பேர். பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகை இருக்கிறது. அதில் மோட்டார் இல்லை. காலுடைந்த நாற்காலிகளும் தேங்காய் மட்டைகளும் இருக்கின்றன. காரைக்குடி அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். டாக்டர், பாங்கி, நல்ல மருந்துக் கடை எல்லாம் அங்கேதான்.

"அந்தக் கொட்டகையில் ஒரு சின்னக் கார் நிற்க வேண்டும்" என்பது ஆச்சியின் கட்சி. "நிற்கட்டும், ஆனால் வாங்க வேண்டாம், குத்தகைக்கு எடுப்போம்" என்பது குமாரரின் கட்சி. "வாங்கவும் வேண்டாம், குத்தகையும் வேண்டாம்; டாக்ஸி இருக்கிறது" என்பது செட்டியாரின் கட்சி.

சின்னக் கார் என்றால் எது? முன்னால் இருவரும் பின்னால் மூவரும் உட்காரலாம். பின்புறக் கதவு மேல்நோக்கித் திறக்கும். பெட்டி வைப்பதற்கென்று தனி வால் நீண்டிராது. ஹாட்ச்பேக் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். 1983-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி முதல் மாருதி 800 வண்டியின் சாவியை இந்திரா காந்தி அம்மையார் வாங்கியவர் கையில் கொடுத்தார். கார் என்பது ஜமீன்தார் வீட்டுச் சொத்து என்ற எண்ணம் அன்று ஆட்டங்காணத் தொடங்கியது. 1998-ல் நம் தமிழ்நாட்டிலேயே, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஸாண்ட்ரோ புறப்பட்டது. நம் ஊர்த் தொழிலாளர் கையால் ஆன வண்டியில் நம் ஊர்க் குடும்பம் ஏறிப் போவது பெருமைப்படத்தக்க விஷயம்தான்.

2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் இந்தச் சிறிய வண்டிகளின் மேல் உள்ள ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதமும் மேல்வரியும் என்பதிலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும். வரி குறைந்த செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்துதான் ஆச்சியின் ஆசை வளர்ந்ததாம்.

இனி குத்தகையைப் பார்ப்போம். குமாரர் சொன்னது இது: "அப்பச்சி, மொத்தப் பணம் போட வேண்டாம். மாதா மாதம் சந்தா. இன்ஷூரன்ஸும் பழுது பார்ப்பதும் கம்பெனிக்காரன் தலையில். மூன்று வருஷம் கழித்து வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்."

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பெங்களூரில் சம்பளக்காரர்களுக்கு இது லாபமாகவும் இருக்கலாம். கம்பெனி மூலமாகக் குத்தகை எடுத்தால் சம்பளத்தில் ஒரு பகுதி அதற்குப் போய் வருமான வரி குறைகிறது. சம்பளமில்லாத செட்டியாருக்கு அந்த லாபம் ஏது? மேலும், குத்தகை வண்டி மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓடலாம் என்று பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கும், மிஞ்சினால் அபராதம். கீறல் விழுந்தால், திருப்பிக் கொடுக்கும்போது அதற்கும் கணக்கு உண்டு.

குமாரர் வண்டியைப் பெங்களூரில் எடுத்து இங்கே அனுப்பிவிடலாம் என்றார். வேற்று மாகாணத்தில் பதிவான வண்டி ஓரிடத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டிவரும். குத்தகைக்காரனுடைய வண்டிக்கு நாம் ஏன் அந்த அலைச்சல் அலைய வேண்டும்?

செட்டியார் இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே சென்று ஒரு பேரேட்டைக் கொண்டுவந்து நம் முன்னே விரித்தார். சென்ற வருஷம் டாக்ஸியில் போன நாள் 64. கொடுத்த பணம் 1,12,000 ரூபாய். எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று ஒரு வரி விடாமல் எழுதியிருந்தார். மாதத்துக்கு 9,300 ரூபாய் ஆகிறது. "இதில் பெட்ரோலும் டிரைவரும் அடக்கம். இதைவிடக் குறைவாக எந்தக் கார் ஓடும், சொல்லுங்கள்" என்றார்.

காகிதமும் பென்சிலும் எடுத்தோம். உத்தேசக் கணக்குத்தான், வாசகர்கள் தங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

புது வண்டியின் விலை 5 லட்சம் என்று வைத்தோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த விகிதப்படி அதற்கு ஆயுள் வரி 12 சதவிகிதம், அதாவது 60,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் முதலிய செலவு 40,000. ஆக, வண்டி வீதிக்கு வரும்போது 6 லட்சம். கையிலிருந்து 1 லட்சம் போட்டு, 5 லட்சம் கடனை 9 சதவிகித வட்டியில் ஐந்து வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை 10,379 ரூபாய். வட்டி மட்டும் 1,22,000-க்கு மேல் போகிறது. ஐந்து வருஷம் கழித்து வண்டிக்கு என்ன கிடைக்கும்? இன்ஷூரன்ஸ்காரர்களின் வழக்கமான அட்டவணையில் ஐந்தாம் வருஷத்து வண்டிக்குப் பாதி மதிப்புத்தான். 2½ லட்சத்துக்கு விற்றோம். பிந்திய வருஷங்களின் இன்ஷூரன்ஸ், பழுது, டயர் எல்லாம் சேர்த்து 1,20,000. முதலில் போட்ட லட்சத்துக்கு பாங்கியில் கிடைத்திருக்கும் 7 சதவிகித வட்டியையும் செட்டியார் விடவில்லை. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெட்ரோல் 2,800 ரூபாய். எல்லாம் கூட்டி மாதத்துக்கு 13,300 ரூபாய் வந்தது.

குத்தகைக்கு மாதம் 15,000 என்று வைத்தால், பெட்ரோலோடு 17,800. முடிவில் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

மூன்று வருஷம் ஓடிய நல்ல வண்டி ஒன்றை மூன்றரை லட்சம் ரொக்கத்துக்கு வாங்குவதையும் கணக்கிட்டோம். புது வண்டியின் முதல் மூன்று வருஷத் தேய்மானத்தை வேறொருவர் சுமந்துவிட்டார். ஐந்து வருஷம் வைத்திருந்து 1½ லட்சத்துக்கு விற்றால் நஷ்டம் 2 லட்சம். இன்ஷூரன்ஸும் பழுதும் 1½ லட்சம். ரொக்கத்தின் வட்டியையும் பெட்ரோலையும் சேர்த்தால் மாதத்துக்கு 10,700 ரூபாய்.

"பார்த்தீர்களா? டாக்ஸிதான் மலிவு" என்று செட்டியார் பேரேட்டை மூடினார். வழக்கு தீர்ந்தது என்றே நாமும் நினைத்தோம்.

அப்பொழுது ஆச்சி வாய் திறந்தார். "போன நாள் எல்லாம் அதில் இருக்கிறது. போகாத நாள் எங்கே எழுதியிருக்கிறது?"

செட்டியார் பதில் சொல்லவில்லை. ஆச்சி ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்ஸி கிடைக்காமல் தவறிப்போன தங்கை வீட்டுச் சாந்திக் கலியாணம். "இதற்கு ஒரு டாக்ஸியா?" என்று கேட்பாரோ என்று தயங்கி, கண் டாக்டரிடம் இரண்டு மாதம் தள்ளிப் போனது. பிள்ளையார்பட்டிக்குப் போக நினைத்து, நினைத்தபடியே போன சதுர்த்திகள். பேச்சுத் துணைக்குப் பள்ளத்தூரிலுள்ள சிநேகிதி வீட்டுக்குப் போகாத மாலைப்பொழுதுகள். இவை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. செலவாகாத பணம் மட்டும் மிச்சமாகத் தோன்றியது.

நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. சிக்கனத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். ஒரு பெண்மணி வீட்டோடு அடைந்து கிடப்பதும் அந்தச் சிக்கனத்தின் வரவுப் பக்கத்தில் சேர்ந்துவிடுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

வட்டிக் கணக்கில் இந்தச் சீமையாருக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து ஊரான பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் 1900-ல் பர்மாவில் மௌல்மீன் நகரத்தில் லேவாதேவி தொடங்கினார்கள். அவர்கள் வழிவந்த சோழமண்டலம் நிறுவனம் 1978-ல் தோன்றி, ஊரூராக வண்டிக் கடன் கொடுத்து வருகிறது. அதே பர்மா இன்னொரு பாடமும் சொல்லியிருக்கிறது. 1930-ல் கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் நகரத்தார் கையிலிருந்த நிலம் 6 சதவிகிதம். 1938-ல் அது 25 சதவிகிதம். அவர்கள் நிலத்தை விரும்பிச் சேர்க்கவில்லை. நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய குடியானவர்களால் பணம் கட்ட முடியாமல் போகவே, வட்டிக்குப் பதில் வயல் வந்து சேர்ந்தது. 1942-ல் யுத்தம் வந்தது. 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. பத்திரம் பெட்டியில் இருந்தது; பலன் கையில் இல்லை. சொந்தம் வேறு, பிரயோஜனம் வேறு. வண்டி விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது, "இது யாருடையது?" என்பதல்ல, "இது யாரை எங்கே கொண்டுபோகும்?" என்பதே.

ஆகவே 13,300-ஐயும் 17,800-ஐயும் ஒதுக்கிவிட்டோம். டாக்ஸிக்கும் பழைய வண்டிக்கும் வித்தியாசம் மாதம் 1,400 ரூபாய். ஆச்சி நினைத்தபோது வெளியே போய் வருவதற்கு அந்த வீட்டில் மாதம் 1,400 ரூபாய் பெறுமா, பெறாதா? ஆறு லட்சம், பத்து லட்சம் என்று பேசிக்கொண்டிருந்த வழக்கு இவ்வளவுக்குத்தான் வந்து நின்றது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. வண்டியை யார் ஓட்டுவது? செட்டியாருக்குக் கண் பார்வை மங்கல். நாளுக்கு 800 ரூபாய் கொடுத்து ஆக்டிங் டிரைவர் வைத்தால் 64 நாளுக்கு 51,200 ரூபாய். மாதத்துக்கு 4,300 ஏறிவிடும். அப்படியானால் டாக்ஸியே மேல். "நான் ஓட்டுகிறேன்" என்றார் ஆச்சி. டெலிபோனில் குமாரர் சிரித்தார், நாம் சிரிக்கவில்லை. 40 வயதுக்கு மேற்பட்டவர் டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். பழகுநர் உரிமம் பெற்று 30 நாள் கழித்துப் பரீட்சைக்குப் போகலாம். 55 வயதைக் கடந்தவருக்கு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குக் கிடைக்கும். கிளட்சை மிதிக்க வேண்டாத, தானே கியர் மாற்றும் சின்ன வண்டிகள் 2014 முதல் மலிவாகவே வருகின்றன. 61 வயது இதற்குத் தடையல்ல.

நாம் சொன்ன தீர்ப்பு இது.

குத்தகை வேண்டாம். காருக்கு முன்பு லைசென்ஸ் வாங்குக. ஆச்சி பரீட்சையில் தேறும்வரையில் டாக்ஸியே ஓடட்டும். ஆனால் பேரேட்டில் இன்னொரு பத்தி போட்டு, போக நினைத்துப் போகாத நாட்களையும் எழுதி வரவேண்டும். ஆறு மாதம் கழித்து அந்தப் பத்தியில் பத்து வரிக்குமேல் இருந்தால், கியர் தானே மாறும் பழைய வண்டி ஒன்றை ரொக்கத்துக்கு வாங்குக. வாங்குமுன் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுக. ஆர்.சி. புத்தகத்தில் முந்தியவரின் கடன் குறிப்பு இருந்தால், பாங்கியின் தடையில்லாச் சான்றும் 35-ம் நம்பர்ப் படிவமும் கொடுத்து அது நீங்கிய பிறகே பணத்தை எண்ணுக. வாரத்துக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுக. இல்லையேல் பாட்டரி செத்துவிடும். கொட்டகை எலிகள் ஒயரைக் கடித்துவிடும். ராத்திரியில் நெஞ்சு வலி என்றால் காரையும் தேட வேண்டாம், டாக்ஸியையும் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுக. அதற்காகக் கார் வாங்குகிறோம் என்று நினைப்பது தவறு.

செட்டியார் வெகுநேரம் யோசித்தார். ஓடாத வண்டிக்கும் வட்டி ஓடும் என்பது அவருடைய சித்தாந்தம். அதை நாமும் மறுக்கவில்லை. கடைசியில் பேரேட்டைத் திறந்து, பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். தலைப்பு என்ன எழுதுவது என்று கேட்டார்.

"போகாத நாள்" என்றார் ஆச்சி.

நாம் விடைபெற்றபோது ஆச்சி வேலைக்காரனைக் கூப்பிட்டுக் கொட்டகையிலிருந்த தேங்காய் மட்டைகளை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் ரயிலுக்குச் செட்டிநாடு ஸ்டேஷன் வரையில் டாக்ஸியில்தான் போனோம். அந்தச் செலவு செட்டியார் கணக்கில், தேதியோடு எழுதியிருப்பார்.