கட்டைகளோடு ஒரு பிறந்தநாள்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர் நம்மைக் காண வந்தனர். வழக்கமாக இருவரும் மாறி மாறிப் பேசுவார்கள். அன்றோ, ஒருவர் முகத்தை மற்றவர் பாராமல் அமர்ந்திருந்தனர். அவர்களுடைய இசைவுடன்தான் இதை எழுதுகிறோம்.

"சாமி, பையனுக்கு அடுத்த மாதம் ஐந்து வயது நிறைகிறது. என் அண்ணன் தன் மகளுக்கு மண்டபம் பிடித்துச் செய்தார். நாங்கள் வீட்டோடு முடித்துக்கொண்டால் உறவினர் முகத்தில் விழிக்க முடியாது. இவள் சங்கிலியை மூன்று மாதம் அடகு வைத்தால் போதும், போனஸ் வந்ததும் மீட்டுவிடுவேன்" என்றார் கணவர்.

"சங்கிலி போகட்டும், சாமி. பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அவனை ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றார் மனைவி.

அந்தப் பையனுக்கு விளையாட்டுக் கட்டைகள் என்றால் உயிர். குமிழோடு குமிழ் பொருந்தி ஒன்றின்மேல் ஒன்று நிற்குமே, அந்த வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகள். ஆகவே தந்தை, மண்டப அலங்காரம் செய்வோரிடம் 'லெகோ தீம்' வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர்கள் அனுப்பிய படத்தைக் கைப்பேசியில் நமக்குக் காட்டினார். கட்டைகளைப் போல் அடுக்கிய பலூன் தூண்கள். பின்னால் மேடை அகலத்திற்கு ஒரு பதாகை. அதில் பையனின் படம். எல்லாம் அழகாகவே இருந்தன. "பிள்ளைகள் விளையாடக் கட்டைகள் எங்கே?" என்று கேட்டோம். அவர் படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தார். கட்டை ஒன்றுகூட இல்லை.

முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த பையனை அழைத்து, "பிறந்தநாளுக்கு உனக்கு என்ன வேண்டும்?" என்றோம். "எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்து கட்டணும்" என்றான். அதற்குமேல் நாம் அறிவுரை கூறத் தேவை ஏற்படவில்லை. அப்படியொரு விழாவை எளிதாக நடத்துவது எவ்வாறு என்பதே எஞ்சிய பேச்சாயிற்று. மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே தருகிறோம்.

முதலில் இக்கட்டைகள் பிறந்த கதையைச் சற்றே அறிவது நலம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். 1932-ஆம் ஆண்டு, பொருளாதார மந்தத்தால் வீடு கட்டுவோர் குறைந்து அவருக்கு வேலை அற்றுப்போயிற்று. அவ்வாண்டிலேயே மனைவியையும் இழந்தார். நான்கு ஆண் பிள்ளைகள் அவர் கையில் இருந்தனர். அந்நிலையில்தான் மரத்தால் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934-இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. ஒருமுறை மகன் கோட்பிரெட், மர வாத்துகளுக்கு மூன்று முறை பூசவேண்டிய மெருகை இருமுறை மட்டும் பூசி, மிச்சம் பிடித்ததாகப் பெருமையுடன் சொன்னாராம். தந்தையோ, அனுப்பிய பெட்டிகளைத் திரும்ப எடுத்துவரச் செய்து, மூன்றாம் பூச்சும் முடிந்த பின்னரே அனுப்ப விட்டாராம். 1949-இல் வந்த பிளாஸ்டிக் கட்டைகள் உறுதியாகப் பற்றி நிற்கவில்லை. உள்ளே குழாய்கள் வைத்து அக்குறையைத் தீர்த்து, 1958 ஜனவரி 28-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அதே கோட்பிரெட். அன்று செய்த கட்டையோடு இன்று செய்யும் கட்டையும் பொருந்துகிறது.

பிள்ளையின் கைக்காகப் பிறந்த பொருள் அது. அதைக் கையில் கொடுத்துவிட்டால் விழாவின் பெரும்பகுதி முடிந்தது.

இனி ஏற்பாடுகளைப் பார்ப்போம். முதலாவது, அழைப்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு அல்லது பத்துத் தோழர்கள் போதும். ஒன்றரை மணி நேரமே அவ்வயதின் பொறுமைக்கு அளவு. மாலை நான்கு முதல் ஐந்தரை வரை என்று, முடியும் நேரத்தையும் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். நீள்சதுரமாக வெட்டிய சிவப்பு அட்டையில், அதே நிறத்தில் எட்டு வட்டங்களை இரண்டு வரிசையாக ஒட்டினால் அழைப்பே கட்டையாகிவிடும். ஒட்டும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள், கோணலானாலும் தாழ்வில்லை. அழைப்பின் அடியில், 'பரிசு வேண்டாம். கட்டைகள் இங்கே இருக்கின்றன. கைகளை மட்டும் கொண்டு வா' என்று எழுதச் சொன்னோம். பரிசு வாங்க வழியின்றி, 'காய்ச்சல்' என்று சொல்லி வீட்டில் நின்றுவிடும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் உண்டல்லவா?

இரண்டாவது, கட்டைகள். பத்துப் பிள்ளைகளுக்குப் போதுமான கட்டைகள் ஒரு வீட்டில் இரா. வாங்கவும் வேண்டாம், இரவல் பெறலாம். ஒவ்வொரு வீட்டுக் கட்டைகளையும் பரப்பி, கைப்பேசியில் படம் எடுத்து, தனிப்பையில் பெயர் எழுதி வையுங்கள். திருப்பித் தரும்போது மனத்தாங்கல் வராது. இரவலுக்கும் வழியில்லையெனில், தச்சுப் பட்டறையில் கழிக்கும் துண்டுகளை வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் நன்கு தேய்த்துக் கொடுக்கலாம். வெற்றுத் தீப்பெட்டிகளுக்கு வண்ணத்தாள் ஒட்டியும் கட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கைக்கெட்டுவதை வாயில் இடுவார்கள்; சிறு கட்டை தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. உடன் வரும் தம்பி தங்கையரைத் தனியிடத்தில் அமர்த்தி, பெரிய கட்டைகளைக் கொடுங்கள். 1969-இல் 'டூப்ளோ' என்ற பெயரில் வந்த கட்டைகள் இதற்கென்றே நீளம், அகலம், உயரம் யாவும் இருமடங்காகச் செய்யப்பட்டவை.

மூன்றாவது, இடமும் உணவும். கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் பழைய படுக்கை விரிப்பை விரியுங்கள். கட்டைகள் சிதறா, முடிந்ததும் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கினால் எல்லாம் ஒன்றுசேரும். கட்டையை வெறுங்காலால் ஒருமுறை மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும், நமக்கும் தெரியும். உணவுக்கும் பெரிய யோசனை வேண்டாம். மைசூர்பாகும் தேங்காய் பர்பியும் பிறக்கும்போதே செங்கல் வடிவில்தான் பிறக்கின்றன! கேசரியைத் தட்டில் கொட்டி ஆறவிட்டு நீள்சதுரமாக வெட்டலாம். கேக் வேண்டுமெனில், நீள்சதுரக் கேக்கின்மேல் வட்டப் பிஸ்கட்டுகள் எட்டை இரண்டு வரிசையாக வைத்தால் போதும். உண்ணும் முன் கைகழுவச் செய்யுங்கள். உண்ணும் இடம் விரிப்பை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

நான்காவது, விளையாட்டு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கட்டைகளை இட்டு வாயிலருகே வையுங்கள். உள்ளே எத்தனை என்று வருகிற பிள்ளைகள் ஊகிக்கட்டும். முன்னதாக வருபவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பிறகு எட்டுக் குமிழ்க் கட்டைகள் இரண்டைக் கொடுத்து, எத்தனை விதமாகப் பொருத்தலாம் எனக் கேளுங்கள். சிறியவர்கள் ஐந்தாறு விதம் காண்பார்கள். ஒரே நிறக் கட்டைகள் இரண்டில் மொத்தம் 24 விதம் உண்டு. அக்கணக்கை மூத்த பிள்ளைகளிடம் விடுங்கள். கட்டைகள் ஆறானால் 91,51,03,765 விதம் என்று கணித அறிஞர் கணினிகொண்டு கண்டிருக்கின்றனர். எஞ்சிய நேரம் முழுவதும், இருவர் இருவராகச் சேர்ந்து ஆளுக்கொரு வீடு கட்டட்டும். பெரிய தாளில் ஒரு தெரு வரைந்து, அவ்வீடுகளை அதில் வரிசையாக வைத்தால், எல்லாரும் சேர்ந்து கட்டிய ஊர் ஒன்று உருவாகும். வென்றவர், தோற்றவர் வேண்டாம். கட்டும் முறை அச்சிட்ட தாள்களையும் அன்று எடுக்க வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த கணவர், "எல்லாம் சரி, சாமி. கட்டைகள் அதிகமாக இருப்பது என் அண்ணன் வீட்டில்தான். அவரிடம் போய் இரவல் கேட்பதா?" என்றார். சங்கிலியை அடகு வைக்கத் துணிந்தவருக்கு அண்ணனிடம் ஒரு பெட்டிக் கட்டை கேட்கத் துணிவில்லை. "கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

பிறந்தநாளன்று சென்றபோது, அண்ணன் இரண்டு பெட்டிகளோடு முன்னதாகவே வந்து, பாய்மேல் சம்மணமிட்டு அமர்ந்து நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். தாயார் அடுப்படியில் அல்லாடாமல் பிள்ளைகளின் நடுவில் இருந்தார். சிறு செபம் சொல்லிக் கேக் வெட்டியதும், நம்மையும் கட்டச் சொன்னார்கள். நாம் கட்டிய சுவர் இருமுறை விழுந்தது.

அவ்வேளையில் ஒரு சிறுமியை அழைத்துப்போக அவள் தந்தை வந்து வாயிலிலேயே நின்றார். கொத்தனார் வேலை செய்பவர். வேலையிலிருந்து நேரே வந்ததால் உடையில் சிமெண்டுக் கறை. "உள்ளே வாங்க" என்று வீட்டுக்காரர் கைபிடித்து அழைத்துவந்தார். விழுந்த சுவரைப் பார்த்த கொத்தனார், "கட்டைக்கு நேர்மேலே கட்டை வைத்தால் பிரிந்துவிடும், சாமி. கீழே இரண்டும் சேருமிடத்தின்மேல் மேற்கட்டையின் நடுப்பகுதி வரவேண்டும். செங்கல்லுக்கும் இதுதான்" என்று நான்கு வரிசை அடுக்கிக் காட்டினார். பிள்ளைகள் அனைவரும் தத்தம் சுவரைக் கலைத்துவிட்டு அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவருடைய மகள் அன்று தலைநிமிர்ந்து நின்றதை நாம் பார்த்தோம். ஐந்தரைக்கு முடியவேண்டிய விழா ஆறேகாலுக்கு முடிந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் பிறந்தநாளை உறவினரின் கண்ணுக்காக நடத்தினால் செலவுக்கு எல்லை இராது. பிள்ளையின் கைக்காக நடத்தினால் ஒரு பாயும் சில கட்டைகளும் போதும்; அதில் அண்ணன் தம்பிக்கும் கொத்தனாருக்கும் இடம் கிடைக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றிரவு கட்டைகளைப் படத்தோடு ஒப்பிட்டபோது, அண்ணன் வீட்டுப் பையில் ஒரு மஞ்சள் கட்டை குறைந்ததாம். வீடெங்கும் தேடியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் அது நம் அங்கியின் பையிலிருந்து கிடைத்தது. எந்தச் சிறு கை அதை அங்கே வைத்தது என்பது தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அண்ணனும் தம்பியும் திண்ணையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தனர். கட்டையை வாங்கிக்கொள்ள வந்த தாயாரின் கழுத்தில் சங்கிலி இருந்தது.